180-லிருந்து 10-க்கு: ஒரு மலிவு டேங்க் இன்ஜினைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

மச்சான் துபாயிலிருந்து வந்தபோது தன் மகனுக்கு ஒரு பொம்மை ரயில் செட் வாங்கி வந்தார். ஒரு வட்டத் தண்டவாளம், பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட் ஒன்று, இரண்டு வேகன், நாலு சக்கர டேங்க் இன்ஜின் ஒன்று. பையன் ஒரு வாரம் விளையாடினான். பிறகு அட்டைப் பெட்டியோடு மண்டபம் ஊரில் இருக்கும் என் கடைக்கு வந்துவிட்டான். "மாமா, மெதுவா விட்டா நின்னுடுது. வேகமா விட்டா கவுந்துடுது. இதுல எந்த ஸ்டேஷன்லயும் ஆள் எறங்க முடியாது."

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. படகுக்காரர்களின் தண்ணீர் பம்பு, ஐஸ் கம்பெனி மோட்டார், வீட்டு மிக்சி எல்லாம் வரும். கட்டைவிரல் அளவு மோட்டார் அதுவரை வந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று வாங்கி வைத்தேன். நாலு மாதம் ஆனது. அதில் முதல் ஒரு மாதம் தவறான இடத்தில் கைவைத்ததால் போனது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

டேங்க் இன்ஜின் என்றால் பின்னால் தனியாக டெண்டர் கிடையாது. தண்ணீரும் நிலக்கரியும் இன்ஜின் மேலேயே இருக்கும். இந்த வகையில் தண்ணீர்த் தொட்டி குதிரைச் சேணம் போல பாய்லர் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். துறைமுகம், ஆலை, யார்டு என்று கொஞ்ச தூரம் போய்த் திரும்புகிற வேலைக்குச் செய்த இன்ஜின்கள் இவை. ஆகவே இதன் பொம்மையும் ஊர்ந்து போனால்தான் அழகு.

ஓட்டத்தை அளக்க ஒரு அளவுகோல் வேண்டுமே! தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பிரிட்டனின் டபுள்-ஓ என்ற மாடல் ரயில் கணக்கில் இன்ஜின் 76-இல் ஒரு பங்கு. ஆனால் நான் 60-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். 16.5-ஐ 60-ஆல் பெருக்கினால் 990 மி.மீ. 1,000 மி.மீ. அகலப் பாதையான மீட்டர் கேஜுக்கு 10 மி.மீ.தான் குறைவு. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தில், அகலப் பாதையாக மாறி 2007-இல் மறுபடி வண்டி ஓடும் வரை, போய்வந்தது மீட்டர் கேஜ்தான். எங்கள் கரையில் நிற்கும் இன்ஜின் வேறு கேஜில் நின்றால் எனக்கே ஒட்டாது.

அப்புறம் 1 மீட்டர் நேர்ப்பாதை போட்டு, செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். முழு 12 வோல்ட்டில் 1.2 வினாடி. 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 180 கி.மீ. வந்தே பாரத் ரயிலின் வடிவமைப்பு வேகம் அது. நிற்காமல் போகக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில் 1 மீட்டருக்கு 5 வினாடி, அதாவது 43 கி.மீ. அதற்குக் கீழே வேகக் குமிழைத் திருப்பினால் ஒரு குலுக்கல், பிறகு நின்றுவிடும். விரலால் தட்டினால் மறுபடி பாயும்.

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துதான் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்த வேகம் உடம்பிலேயே பதிந்திருக்கும். சரி, அதுவே இலக்கு என்று முடிவு செய்தேன். 60-இல் ஒரு பங்கில், 1 மீட்டரைக் கடக்க 22 வினாடி.

முதல் சிகிச்சை, தவறானது

காயில் கட்டுகிறவன் கண்ணுக்கு மோட்டார்தான் முதலில் தெரியும். திறந்து பார்த்தேன். விலை குறைந்த மூன்று முனை ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் காயில் பகுதி), அதற்கு ஏற்ற பிளாஸ்டிக் கியர், மோட்டாரின் சுற்றைக் கியர் குறைத்துக் கொடுக்கும் குறைப்பு விகிதம் மிகவும் கம்மி. மோட்டார் கிறுகிறுவென்று சுற்றினால்தான் இழுவை கிடைக்கும், அது சுற்றினால் சக்கரமும் பறக்கும். நோய் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ரோபோ செய்கிற பிள்ளைகள் வாங்கும் என்-20 என்ற சின்ன கியர் மோட்டார் இருக்கிறது. பித்தளைக் கியர்ப்பெட்டியோடு 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம். 12 வோல்ட்டில் கடைசி ஷாஃப்ட் நிமிடத்துக்கு 200 தடவை சுற்றுவதை 300 ரூபாய்க்குள் வரவழைத்தேன். சக்கரம் 14 மி.மீ. விட்டம், சுற்றளவு 44 மி.மீ. 200 சுற்றுக்கு நிமிடத்தில் 8.8 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 32 கி.மீ. யார்டு இன்ஜினுக்கு இதற்கு மேல் எதற்கு?

மோட்டாரைக் குறுக்காக வைக்க இடம் இல்லை, பாடி அகலம் போதாது. நீளவாக்கில் படுக்க வைத்து, சரிவுப் பல் கொண்ட சிறு பித்தளைக் கியர் ஜோடி ஒன்றால் பின் அச்சுக்குத் திருப்பினேன். பழைய மோட்டார் இருந்த குழியை அரத்தால் விரிவாக்கி எபாக்சியில் உட்கார வைத்தேன். இரண்டு ஞாயிறு போனது.

ஓட விட்டேன். முன்பைவிட மோசம்.

வேகம் குறைந்தது உண்மை. ஆனால் நின்று நின்று போனது. பாயிண்டைத் தாண்டவே மாட்டேன் என்றது. முன்பு வட்டத்தில் மூன்று இடத்தில் தடுக்கியது, இப்போது பதினேழு இடம். சாக்பீஸால் குறித்து எண்ணினேன்.

பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார் ஒரு கீழக்கரைக்காரர். எனக்குக் காக்கா, அதாவது அண்ணன், முறை போலத்தான். டீ குடிக்க வந்தவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "மோட்டாரு நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுக்குக் கரண்டு போய்ச் சேருதான்னு பாத்தியா?" என்றார். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இதே கேள்வியை நான்தான் தினமும் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பேன்.

கேபினுக்குள் ஒரு விளக்கு

காக்கா கொடுத்த இரண்டு சிவப்பு எல்இடியை எதிரெதிராகச் சேர்த்து, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மோட்டார் முனைகளில் சால்டர் செய்தேன். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒன்று எரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினோம்.

கேபின் ஜன்னலில் தெரிந்த அந்தச் சிவப்பு ஒரு நிமிடம்கூட நிலையாக எரியவில்லை. குழல்விளக்கு ஸ்டார்ட்டர் போனது போல மினுக் மினுக்கென்று இருந்தது. நேர்ப்பாதையில், அழுக்கே இல்லை என்று நான் நினைத்த இடத்திலும்! பழைய மோட்டார் இந்த விட்டுவிட்டு வரும் கரண்டைப் பாய்ச்சலாலேயே மறைத்துக்கொண்டிருந்தது. ஓடிவந்த வேகத்தில் இன்ஜின் சறுக்கி அடுத்த நல்ல இடத்தைப் பிடித்துவிடும். புது மோட்டாரில் குறைப்பு விகிதம் அதிகம், கரண்டு ஒரு கணம் போனாலும் சக்கரம் பூட்டியது போல அங்கேயே நிற்கும். நான் நோயைத் தீர்க்கவில்லை, அது இதுவரை ஒளிந்திருந்த போர்வையை உருவிவிட்டேன்.

தண்டவாளத்தில் வரும் கரண்டைச் சக்கரங்கள்தான் தொட்டு மோட்டாருக்கு எடுத்துக் கொடுக்கும். ஏன் கரண்டு போகவில்லை என்று பார்த்ததில் மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

முதலாவது, ரப்பர். வழுக்காமல் இழுக்கட்டும் என்று கம்பெனியில் ஒரு பின் சக்கரத்துக்கு ரப்பர் வளையம் மாட்டியிருந்தார்கள். ரப்பரில் கரண்டு பாயாது. ஆக நாலு சக்கரத்தில் மூன்றுதான் வேலைக்கு வந்தது.

இரண்டாவது, நொண்டி. முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து அதன் மேல் இன்ஜினை நிறுத்தினேன். பில் மிஷினில் வரும் மெல்லிய தாளைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் நுழைத்துப் பார்த்தேன். மூன்று சக்கரம் தாளைக் கவ்வியது. வலது முன் சக்கரத்தின் கீழே மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு போய்வந்தது. ஆடுகிற நாற்காலி கதைதான். சட்டம் இறுக்கமாக இருந்தால் மூன்று காலில் நிற்கும், நாலாவது அந்தரத்தில் தொங்கும். ரப்பர் மாட்டியதும் அதே வலது பக்கம்தான். இடது தண்டவாளத்துக்கு இரண்டு சக்கரம், வலதுக்கு அழுத்தமே இல்லாத ஒன்று. பாயிண்டில் இரண்டு தண்டவாளம் சேரும் அந்த 'வி' முனை பிளாஸ்டிக், அங்கேயும் கரண்டு கிடையாது. வண்டி நின்றதில் ஆச்சரியமில்லை, இத்தனை நாள் ஓடியதுதான் ஆச்சரியம்.

மூன்றாவது, உப்பு. இதற்குத் தனியாகத் தலைப்பே போட வேண்டும்.

கரையோரத் தண்டவாளம்

வெளிநாட்டுக்காரர்கள் தண்டவாளம் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்பார்கள். மொபைல் கடைகளில் ஐபிஏ என்று இருக்கும் அதே சரக்கு. நானும் துடைத்தேன். துடைத்த மாலையில் பிரமாதமாக ஓடும், மறுநாள் காலையில் பழைய கதை.

நம் ஊரில் கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் அதோடு உப்பு வரும். ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்தால் கரிக்கும். உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசப்பது இதனால்தான். தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பும் இரவில் அப்படியே ஈரப்படலமாகிவிடும். சக்கரம் அதன்மேல் உருளும்போது சின்னச் சின்னத் தீப்பொறி, அதனால் உலோகம் கறுத்து மை போல ஒட்டும். இதில் ஆல்கஹால் கறுப்பை எடுக்கும், ஆனால் உப்பு அதில் ஏறக்குறைய கரையவே கரையாது. ஆக நான் அழுக்கை எடுத்துவிட்டு அழுக்கின் விதையை விட்டு வைத்திருந்தேன்.

உப்பை எடுக்கத் தண்ணீர்தான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பனியன் துணியை நனைத்து, பிழிந்து, ஒரு தரம் துடைத்தேன். உடனே உலர்ந்த துணி. ஹேர் டிரையரில் சூடு காட்டி, பிறகு மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு, அதையும் வறண்ட துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஒரு துண்டுத் தண்டவாளத்தை மண்ணெண்ணெய் மட்டும் போட்டும், இன்னொன்றை முதலில் தண்ணீர் விட்டும் துடைத்து, கடல் பார்த்த ஜன்னலில் ஒரு வாரம் வைத்தேன். இரண்டாவது துண்டில் கேபின் விளக்கு மினுங்காமல் எரிந்தது. முதலாவதில் நடுவில் இரண்டு இடத்தில் அணைந்தது. ஒரே ஒரு தரம் செய்த சோதனைதான், ஆனால் அன்றிலிருந்து நான் வரிசையை மாற்றவில்லை.

உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். போடும்போது பளபளக்கும், பிறகு அந்தக் கீறல்களிலேயே அழுக்கு குடியேறும். செட்டோடு வந்தது இரும்புத் தண்டவாளமாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இங்கே அது துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் வாங்கலாம். பேரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்.

இரண்டாம் சிகிச்சை

ரப்பரைக் கழற்றினால் சக்கரத்தில் ஒரு பள்ளம் மிஞ்சும். வேறு சக்கரம் கிடைக்கவில்லை. அப்போதுதான் என் தொழில் எனக்கு உதவியது. வார்னிஷ் சுரண்டிய மெல்லிய செம்புக் கம்பியைப் பள்ளத்தில் சுற்று சுற்றாக நெருக்கிக் கட்டினேன், காயில் கட்டுவது போலவே. மேலே ஈயம் ஓட்டி நிரப்பினேன். சக்கரத்தின் நடு பிளாஸ்டிக், உருகிவிடும். அதனால் ஈரத் துணியில் பிடித்துக்கொண்டு, சால்டரிங் அயர்னை இரண்டு வினாடிக்கு மேல் ஒரே இடத்தில் வைக்காமல், எட்டு தடவையாகப் பற்ற வைத்தேன். அப்புறம் அச்சோடு டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, மெல்லிய அரத்தால் பக்கத்துச் சக்கரத்தின் அளவுக்கு இறக்கினேன். விரல் நகத்தை வைத்துத் தடவினால் தட்டக் கூடாது, அதுதான் அளவு.

நொண்டிக்கு வைத்தியம் முன் அச்சில். பின் அச்சை மோட்டார் ஓட்டுகிறது, அதைத் தொடக் கூடாது. முன் அச்சு உட்காரும் குழியை மேல்நோக்கி அரை மி.மீ. அராவி, அச்சின் நட்டநடுவில் மட்டும் அழுத்தும்படி சேசிஸில் ஒரு பித்தளைக் கம்பியைக் குறுக்கே ஒட்டினேன். இப்போது முன் அச்சு தராசுத் தண்டு போல இரண்டு பக்கமும் சாயும். நாலு சக்கரமும் எப்போதும் தரையில். கண்ணாடி மேல் வைத்துத் தாள் நுழைத்தேன், நாலும் கவ்வியது. அச்சு ஆடினால் சக்கரங்களை இணைக்கும் பக்கத் தண்டும் கொஞ்சம் நெகிழ வேண்டும். அதன் துளையைச் சற்றுப் பெரிதாக்கினேன். ஒரு துளையில் கை மீறிவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கரண்டு எடுக்கும் தகடுகளுக்குப் பழைய ரிலேயின் பாஸ்பர் பிரான்ஸ் பட்டைகள். ஒவ்வொரு சக்கரத்தின் உள்முகத்திலும் மீசை முடி தொடுவது போல உரச வேண்டும். அழுத்திவிட்டால் பிரேக் ஆகிவிடும்.

எடைக்குக் கடைத்தெருவுக்கே போகவில்லை. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டு எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இருக்கும். தட்டையாகத் தட்டி, தண்ணீர்த் தொட்டியின் வளைவுக்கு மடித்து 60 கிராம் ஏற்றினேன். 110 கிராம் இன்ஜின் 170 ஆனது. ஈயம் கனமானது, 60 கிராமுக்கு ஐந்து கன சென்டிமீட்டர் சொச்சம்தான் இடம். இன்ஜினை ஒரு பென்சில் மேல் வைத்து இரண்டு அச்சுக்கும் நடுவில் சமநிலை வருகிறதா என்று பார்த்து ஒட்ட வேண்டும். ஒட்ட எபாக்சிதான். வெள்ளைப் பசையில் ஈயத்தை ஒட்டினால் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கும், அது ஊதி வருஷக்கணக்கில் பாடியையே பிளக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பையனை ஈயத்தின் பக்கமே விடவில்லை.

கரண்டு விட்டுப்போகும் கணத்தில் மோட்டாரைத் தாங்கட்டும் என்று கப்பாசிட்டர் வைத்தும் பார்த்தேன். திசை மாறும் டிசி என்பதால் இரண்டு 2200 மைக்ரோஃபாரட்டை முதுகோடு முதுகு சேர்க்க வேண்டும், சேர்ந்தால் பாதி, 1100தான். மோட்டார் 50 மில்லியாம்பியர் இழுத்தால், 4 வோல்ட் இறங்குவதற்குள் கிடைப்பது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊர்ந்து போகும்போது 4 மி.மீ.கூட நகராது. கழற்றிவிட்டேன். அதற்குப் பதில் ஒரு வேகனின் நாலு சக்கரத்திலும் இதே தகடு வைத்து, தலைமுடி போன்ற இரண்டு ஒயரில் இன்ஜினோடு நிரந்தரமாக இணைத்தேன். இப்போது எட்டு சக்கரம் கரண்டு எடுக்கிறது. நின்ற இடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையில் போயின. முதலிலேயே இதைச் செய்திருந்தால் மோட்டாரை மாற்றாமலேயேகூட பாதி தூரம் வந்திருப்பேன் என்பது என் எண்ணம்.

கடைசிக் கணக்கு: முழு வோல்ட்டில் 1 மீட்டருக்கு 6.8 வினாடி, 32 கி.மீ. மிக மெதுவாக, நிற்காமல் 40 வினாடி, ஐந்தரை கி.மீ.க்குப் பக்கம். குமிழில் 22 வினாடி வரும் இடத்தைப் பையன் பேனாவால் குறித்து "பாம்பன்" என்று எழுதி வைத்திருக்கிறான்.

முகம்

தோற்றத்தில் நான் செய்த பெரிய மாற்றம் வெட்டியதுதான். முன்னாலும் பின்னாலும், பெட்டிகள் மோதுவதைத் தாங்கும் பஃபர் இரண்டு இரண்டு இருந்தன. நம் மீட்டர் கேஜுக்கு நடுவில் ஒற்றை பஃபர். பக்கத்து நாலையும் அறுத்து, நடுவில் ஒன்று வைத்ததும் பொம்மை பிரிட்டனிலிருந்து மண்டபத்துக்கு வந்துவிட்டது. உண்மையில் டபுள்-ஓ பொம்மைகளின் தண்டவாளமே அவற்றின் பாடிக்குக் குறுகல். 16.5-ஐ 76-ஆல் பெருக்கினால் 1,254 மி.மீ. வரும், அங்கே அசல் பாதை 1,435. அந்தப் பொருந்தாமைதான் மீட்டர் கேஜாக மாற்றுகிறவனுக்கு லாபம்.

கேபின் கதவு 25 மி.மீ. உயரம். 60-ஆல் பெருக்கினால் ஒன்றரை மீட்டர், டிரைவர் குனிந்துதான் நிற்க முடியும். கூரையை அறுத்து, பழைய ஏடிஎம் கார்டைக் கீற்றாக வெட்டி 7 மி.மீ. உயர்த்தினேன். கூரையைச் சற்று வெளியே நீட்டிவிட்டேன், நம் வெயிலுக்கு. பாடியோடு சேர்த்தே வார்த்த கைப்பிடிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, சீலா மீன் தூண்டிலுக்குக் கட்டும் ஸ்டெயின்லெஸ் கம்பியை நேராக்கி மாட்டினேன். துருப்பிடிக்காது. சால்டர் ஒட்டாது, துளை போட்டுச் செருகிப் பசை வையுங்கள்.

கறுப்பு பெயிண்டை அப்படியே அடிக்கக் கூடாது. சின்னப் பொருளில் முழுக் கறுப்பு ஒரு ஓட்டை போலத் தெரியும். கொஞ்சம் சாம்பல் கலந்தேன். துருவுக்கு முதலில் செங்காவி அடித்து, ஈரப்படுத்தி, அங்கங்கே கல் உப்பைத் தூவி, காய்ந்ததும் மேலே கறுப்பு அடித்து, உப்பைத் தேய்த்து உதிர்த்தால் பெயிண்ட் உரிந்த இரும்பு போலவே வரும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசினேன். உப்பை விரட்ட ஒரு மாதம் பட்டவன் கையாலேயே உப்பைத் தூவியதைப் பார்த்துக் காக்கா சிரித்தார்.

நிலக்கரிக்கு அடுப்புக்கரியை நொறுக்கிப் போட்டேன். பாதையோரம் கடற்கரை மணல் போடத்தான் பையனுக்கு ஆசை. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மணலில் உருட்டிக் காட்டினேன். கறுப்பு மணல் தாடி போல ஒட்டிக்கொண்டு வந்தது. அது மோட்டார் காந்தத்துக்குள் போனால் அவ்வளவுதான். மூன்று தண்ணீர் மாற்றி அலசி, வாணலியில் வறுத்து, காந்தம் உருட்டி எடுத்த பிறகே பலகையில் ஒட்டினோம். காட்சி ஒரு சின்ன உப்பளத்து லைன். வாலிநோக்கம் பக்கத்தில் பார்த்த உப்புக் குவியல்கள் மாதிரி. அப்படி ஒரு ரயில் பாதை அங்கே இருந்ததாகச் சொல்லவில்லை, முழுக்க எங்கள் கற்பனை.

மிச்சம் இருப்பவை

பக்கத் தண்டின் அந்தப் பெரிதான துளை. பின்னால் போகும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்". புதுத் தண்டு பித்தளைத் தகட்டில் அறுக்க வேண்டும், இன்னும் கை வரவில்லை. கியர்ப்பெட்டி சத்தமும் இருக்கிறது, மெல்லிய கிரீஸ் ஒரு துளி வைத்தும் முழுதாகப் போகவில்லை. பையன் அதை ஆவிச் சத்தம் என்று வைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் வாடை தொடங்கி மூன்று நாள் மழை பெய்தது. மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா பாக்கெட்டோடு இருந்த இன்ஜினை நாலாம் நாள் எடுத்துத் துடைக்காத தண்டவாளத்தில் வைத்தோம். குமிழைப் "பாம்பன்" கோட்டுக்குத் திருப்பினான். முதல் சுற்றில் ஏழு இடத்தில் கேபின் விளக்கு மினுங்கியது, இரண்டு இடத்தில் நின்றது. டிஸ்டில்டு வாட்டரும் மண்ணெண்ணெயும் போட்ட பிறகு ஒரே இடம், வளைவில் இரண்டு துண்டு சேரும் மூட்டு. அந்த மூட்டை இன்று மாலை சால்டர் செய்யப் போகிறேன். அதற்குள் ஐஸ் கம்பெனி மோட்டார் ஒன்று வந்து நிற்கிறது, அதை முதலில் பார்க்க வேண்டும்.